பெயரொடு பிணையும் படிமம்: இசைவற்ற செயற்கைப் பாலியல் படிமங்களும் தேடுபொறிகளின் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பெண்ணின் முகத்தை அவரது இசைவின்றிப் பிறிதோர் உடலோடு பொருத்தி உருவாக்கப்படும் பாலியல் படிமங்கள் இன்று எளிதில் உருவாகின்றன. அவற்றை உருவாக்குவோர் குறித்தும் வெளியிடும் தளங்கள் குறித்தும் பேசப்படும் அளவுக்கு, அவற்றைத் தேடித் தரும் பொறிகள் குறித்துப் பேசப்படுவதில்லை. தேடுபொறி புரியும் தீங்கு, படத்தைச் சேமிப்பதிலோ வெளியிடுவதிலோ அடங்குவதன்று. ஒரு பெயரைக் கேட்டவுடன் அப்பெயருக்குரியவராக அப்படிமத்தை முன்னிறுத்துவதில் அது அடங்குகிறது என இக்கட்டுரை வாதிடுகிறது. தமிழ் அக மரபின் அம்பல், அலர், பெயர் சுட்டாமை ஆகிய கருத்துகளின் துணையோடு இத்தீங்கின் இயல்பு விளக்கப்படுகிறது. இந்தியச் சட்டம், நீதிமன்றத் தீர்ப்புகள், நிறுவனங்களின் கொள்கைகள் ஆகியன இத்தீங்கை எவ்வளவு எதிர்கொள்கின்றன என்பது கொங்கு நாட்டுச் சூழலை முன்வைத்து மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தேடுபொறி, ஆழ்போலி, அலர், பெயர் சுட்டாமை, இடைநிலையர் பொறுப்பு, கொங்கு நாடு

முன்னுரை

டீப்ஃபேக் எனப்படும் ஆழ்போலிப் படங்கள் 2017ஆம் ஆண்டின் இறுதியில் ரெடிட் தளத்தின் வழியாகப் பரவலான கவனத்தைப் பெற்றன. நடிகையரின் முகங்களைப் பாலியல் காணொளிகளில் பொருத்துவதே அவற்றின் தொடக்கப் பயன்பாடாக இருந்தது. டீப்டிரேஸ் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, இணையத்தில் தான் கண்டறிந்த 14,678 ஆழ்போலிக் காணொளிகளுள் 96 விழுக்காடு பாலியல் தன்மை உடையவை எனக் குறிப்பிட்டது. எனவே, பாலியல் இழிவை இத்தொழில்நுட்பத்தின் தற்செயலான பக்கவிளைவு எனக் கொள்ளுதல் பொருந்தாது. 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகம் வேறொரு பெண்ணின் காணொளியில் பொருத்தப்பட்டுப் பரவியபோதுதான் இந்தியாவில் இச்சிக்கல் பொது விவாதமாயிற்று. புகழ்பெற்ற நடிகைக்கு ஊடகமும் அரசும் காவல்துறையும் துணைநின்றன. அத்தகைய துணை வாய்க்காத பெண்களின் நிலையே ஆராயப்பட வேண்டியது.

இப்பொருள் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு முனைகளில் நிகழ்கின்றன. படத்தை உருவாக்கியவரைத் தண்டிப்பது ஒன்று. வெளியிட்ட தளத்தை நீக்கச் செய்வது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் தேடுபொறி, 'இருப்பதைக் காட்டுகிறேன். இல்லாததைக் காட்டவில்லை' என்னும் விளக்கத்தோடு விலகிக்கொள்கிறது. இவ்விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே இக்கட்டுரையின் வினா.

அம்பலும் அலரும்

களவொழுக்கம் பற்றிய ஊராரின் பேச்சை அக மரபு இரண்டாகப் பகுக்கிறது. இறையனார் களவியல் உரை, சொல் வெளிப்படாமல் அரும்பு நிலையில் நிகழும் குறிப்பை அம்பல் என்றும், இன்னாரோடு இன்னாருக்கு இத்தகைய தொடர்பு என விளங்கச் சொல்வதை அலர் என்றும் வேறுபடுத்துகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, பேசுவோரின் எண்ணிக்கை மட்டுமன்று. 'இன்னார்' என்னும் சுட்டு வந்து சேரும்போதே அம்பல் அலராகிறது. ஆள் அடையாளமே அலரின் உயிர்நிலை.

இதே அடையாளம் குறித்துத் தொல்காப்பியம் மற்றொரு வரையறையையும் தருகிறது. அன்பின் ஐந்திணையில் எவரையும் இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது அகத்திணையியல் விதி. பெயர் மட்டுமன்றிப் பெயரை உணர்த்தும் அடையாளமும் இவ்விதிக்குள் அடங்கும் என உரையாசிரியர் கொண்டனர். நெடுநல்வாடையில் பாண்டியனின் பெயர் இல்லை. ஆயினும் வேம்பு என்னும் அடையாளப் பூ குறிக்கப்பட்டமையால் அதனைப் புறம் என நச்சினார்க்கினியர் கொண்டார். ஒரு பூவே ஆளைக் காட்டிவிடும் என்னும் இந்நுட்பம், ஒரு முகமும் கல்லூரிச் சீருடையும் ஊர்ப்பெயரும் சேர்ந்து ஆளைக் காட்டிவிடும் இன்றைய சூழலுக்கும் பொருந்துவதாகும்.

மடலேறுதல் என்னும் துறை இன்னும் நெருக்கமான ஒப்புமையைத் தருகிறது. தலைவியின் உருவம் எழுதிய கிழியை ஏந்திப் பனைமடல் குதிரையில் தெருவில் வருதல் பிற்காலக் கோவை நூல்களில் விரிவாகப் பேசப்படுகிறது. ஒரு பெண்ணின் படத்தை அவளது இசைவைக் கேளாமல் ஊர்ப் பொதுவில் காட்டி அவள் குடும்பத்தை நெருக்குதல் இதன் உள்ளீடு. மடலேறுவேன் எனக் கூறுதலை அகத்துள் ஏற்ற மரபு, மடலேறிய செயலைப் பெருந்திணைக்குத் தள்ளியது. உருவத்தைப் பொதுவெளியில் காட்டி நெருக்குதல், அன்பின் எல்லைக்கு வெளியே நிற்கும் செயல் என்னும் உணர்வு இப்பகுப்பில் வெளிப்படுகிறது எனலாம்.

இலக்கியக் கருத்தாக்கத்தைச் சட்டச் சிக்கலோடு அப்படியே பொருத்துதல் இயலாது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அக மரபில் அலருக்குப் பின்னால் மெய்யான காதல் உண்டு. அலர் பெரும்பாலும் வரைவை விரைவுபடுத்தும் கருவியாகிறது. திருக்குறளின் 115ஆம் அதிகாரமான அலரறிவுறுத்தலில் அலர் காதலருக்கு ஊக்கமளிக்கும் ஒன்றாகவே பேசப்படுகிறது. செயற்கைப் படிமத்தில் நிகழ்வே இல்லை. நிகழாத ஒன்றுக்கு எழுந்த அலருக்கு வரைவு என்னும் முடிவும் இல்லை. ஆகவே, அலர் என்னும் கருத்து இங்குத் தீங்கின் அமைப்பை விளக்கவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. தீர்வை அதில் தேடுவதற்காக அன்று.

அவ்வமைப்பு பின்வருமாறு. ஏதோ ஒரு தளத்தின் மூலையில் கிடக்கும் போலிப் படம் அம்பல் நிலையில் உள்ளது. அத்தளத்தை அறிந்த சிலரே அதைக் காண்பர். அவருள்ளும் அப்பெண்ணை அறிந்தோர் அரியர். ஒருவர் தேடுபொறியில் அப்பெண்ணின் பெயரை இட்டதும் அப்படம் பெயருக்குரிய விடையாக வந்து நிற்குமாயின், 'இன்னார்' என்னும் சுட்டு நிறைவேறிவிடுகிறது. அவரை அறியாதவர் மட்டுமே காணக்கூடியதாக இருந்த படம், அவரை அறிந்தவர் அனைவரும் காணக்கூடியதாகிறது. இம்மாற்றத்தை நிகழ்த்துவது தேடுபொறியே. 'ஊர் சொல்கிறது' என்பது அலர் தூற்றுவோரின் பழைய விளக்கம்; 'இணையத்தில் இருக்கிறது' என்பது அதன் புதிய வடிவம்.

சட்டத்தின் நான்கு வினைகள்

இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, தேடுபொறிகளை 'இடைநிலையர்' என்னும் வகைக்குள் பெயர் சுட்டியே சேர்த்துள்ளது. 2008இல் நிறைவேற்றப்பட்ட திருத்தத்தின் வழி வந்த இவ்வரையறை, தொலைத்தொடர்பு நிறுவனத்தையும் இணைய வணிகத் தளத்தையும் தேடுபொறியையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. பிரிவு 79 இவர்களுக்குப் பொறுப்பு விலக்கு அளிக்கிறது. 2015 மார்ச் 24 அன்று வழங்கப்பட்ட ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பில், நீதிமன்ற ஆணை அல்லது அரசு அறிவிப்பின் வழியாகக் கிடைக்கும் அறிவே இவ்விலக்கை நீக்கும் 'மெய்யான அறிவு' என உச்ச நீதிமன்றம் சுருக்கி விளக்கியது. கருத்துரிமையைக் காக்கும் நோக்கில் இவ்விளக்கம் இன்றியமையாதது. ஆயினும், நீதிமன்றம் செல்ல வசதியற்ற பெண்ணுக்கு அது உயர்ந்த படிக்கட்டாகவும் அமைந்தது.

2021 பிப்ரவரி 25 அன்று வெளியான இடைநிலையர் விதிகளின் 3(2)(ஆ) விதி இப்படிக்கட்டைத் தாழ்த்தியது. அந்தரங்க உறுப்பு, நிர்வாணம், பாலியல் செயல் ஆகியவற்றைக் காட்டும் படங்களோடு, 'செயற்கையாக உருமாற்றப்பட்ட படங்கள்' உள்ளிட்ட ஆள்மாறாட்டத்தையும் இவ்விதி குறிப்பிடுகிறது. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ புகார் அளிக்கலாம். 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை வேண்டும் என அது வகுத்தது. 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், செயற்கையாக உருவாக்கப்பட்ட தகவலுக்கு வரையறை தந்ததோடு இக்காலவரம்பை 2 மணி நேரமாகக் குறைத்தது.

காலம் குறைந்தது நன்று. ஆயினும், விதியின் சொல்லமைப்பில் ஓர் இடைவெளி தொடர்கிறது. இடைநிலையரால் 'வைத்திருக்கப்பட்ட, சேமிக்கப்பட்ட, வெளியிடப்பட்ட, கடத்தப்பட்ட' உள்ளடக்கத்தை நீக்க வேண்டும் என்பதே 2021ஆம் ஆண்டு விதியின் வாசகம். இந்நான்கு வினைகளும் சமூக ஊடகத்தையும் இணையதளத்தையும் மனத்திற்கொண்டு அமைந்தவை. தேடுபொறி செய்வது ஐந்தாவது வினை: பெயரோடு பிணைத்துக் காட்டுதல். 'நாங்கள் படத்தை வைத்திருக்கவில்லை. அட்டவணைப்படுத்துகிறோம்' என நிறுவனங்கள் வழக்குகளில் முன்வைக்கும் வாதம் இவ்விடைவெளியிலிருந்தே பிறக்கிறது.

குற்றவியல் பிரிவுகளும் இத்தீங்கின் நடுப்பகுதியைத் தொடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஒருவரின் அந்தரங்க உறுப்பின் படத்தை இசைவின்றி எடுத்தலையும் வெளியிடுதலையும் தண்டிக்கிறது. செயற்கைப் படிமத்தில் உடல் வேறொருவருடையது அல்லது எவருடையதும் அன்று. எனவே 'அவரது அந்தரங்க உறுப்பு' என நிறுவுதல் கடினம். 67, 67ஏ பிரிவுகள் ஆபாசத்தையும் வெளிப்படையான பாலியல் செயலையும் அளவுகோலாகக் கொள்கின்றன. ஆபாசம் என்பது பார்ப்பவரின் ஒழுக்கம் குறித்த சொல். இசைவு என்பது படத்திலுள்ளவரின் உரிமை குறித்த சொல். சட்டம் முன்னதைப் பேசும்போது, பாதிக்கப்பட்டவர் வழக்கின் மையத்திலிருந்து விலகி, ஆபாசப் பொருளின் ஒரு பகுதியாகிவிடுகிறார்.

'இது செயற்கையாக உருவாக்கப்பட்டது' எனக் குறியிடுவதும் இவ்வகைப் படிமத்துக்குத் தீர்வாகாது. அரசியல்வாதியின் போலிப் பேச்சைப் பொய் என அறிந்தபின் அதன் வலிமை குறையும். பாலியல் படிமத்தின் இழிவு, அது மெய் என நம்பப்படுவதை மட்டும் சார்ந்ததன்று. பொய் என அறிந்தே காண்போரும் பகிர்வோரும் உள்ளனர். அவர்களின் பார்வைக்குத் தன் முகம் பொருளாக்கப்பட்டதே அப்பெண்ணுக்கு நேர்ந்த கேடு.

நீதிமன்றங்கள் கண்ட வழி

தேடுபொறிகளை இந்திய நீதித்துறை முதன்முதலில் கடுமையாக எதிர்கொண்டது பாலினத் தேர்வு விளம்பர வழக்கில்தான். சாபு மேத்யூ ஜார்ஜ் 2008இல் தொடுத்த பொதுநல வழக்கில், கருவின் பாலறியும் விளம்பரங்களைக் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் ஆகியவை காட்டுவது எதிர்க்கப்பட்டது. 2016இல் குறிப்பிட்ட தேடல் தொடர்களுக்கு விளம்பரங்களைத் தாமாகவே தடுக்க அந்நிறுவனங்கள் உடன்பட்டன. புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் நீக்கவும் உச்ச நீதிமன்றம் வழி வகுத்தது. பொதுத் தகவலை அறியும் உரிமையை இத்தடை குறைக்காது என்னும் விளக்கமும் பின்னர்த் தரப்பட்டது. பெண் சிசுக்கொலைக்கு எதிராகத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட வரலாற்றை அறிந்த கொங்குப் பகுதி வாசகருக்கு இவ்வழக்கின் பொருள் எளிதில் விளங்கும். தேடப்படும் சொல்லை வைத்துத் தடுத்தல் தேடுபொறிக்கு இயலாதது என்னும் வாதம் அப்போதே வலுவிழந்துவிட்டது.

தில்லி உயர் நீதிமன்றத்தில் 2021 ஏப்ரல் 20 அன்று நீதிபதி அனூப் ஜெய்ராம் பம்பானி வழங்கிய தீர்ப்பு அடுத்த படியாகும். ஒரு பெண் தன் சமூக ஊடகக் கணக்குகளில் இட்ட இயல்பான படங்கள் பாலியல் தளமொன்றில் ஏற்றப்பட்டிருந்தன. படங்களில் ஆபாசம் ஏதுமில்லை. அவை சேர்ந்த இடமே தீங்கு. அப்பக்கங்களை உலக அளவில் தேடல் முடிவுகளிலிருந்து அகற்றுமாறும், அதே உள்ளடக்கத்தைத் தானியங்கிக் கருவிகளால் கண்டறிய முயலுமாறும் தேடுபொறிகளுக்கு ஆணையிடப்பட்டது. படத்தின் இயல்பைவிடப் படமும் ஆளும் பிணைக்கப்படும் சூழலே தீங்கு என்பதை இத்தீர்ப்பு ஏற்றது. செயற்கைப் படிமத்துக்கு மிக நெருங்கிய முன்மாதிரி இதுவே.

2023 ஏப்ரல் 26 அன்று அதே நீதிமன்றத்தின் நீதிபதி சுப்ரமணியம் பிரசாத், நீக்க ஆணையிடப்பட்ட படம் மீண்டும் தோன்றும் ஒவ்வொரு முறையும் இணைப்பு முகவரியைக் கொண்டு வா எனப் பாதிக்கப்பட்டவரைத் தேடுபொறி அலைக்கழிக்கக் கூடாது எனத் தீர்ப்பளித்தார். படத்தின் எண்ணியல் கைரேகையை வைத்து ஒத்த படங்களைக் கண்டறியும் தொழில்நுட்பம் இருப்பதையும் சுட்டினார். இத்தீர்ப்பை எதிர்த்து கூகுளும் மைக்ரோசாஃப்டும் மேல்முறையீடு செய்தன. முகவரி முகவரியாகத் தேடித் தருமாறு கேட்பது, பாதிக்கப்பட்டவரைத் தன் இழிவின் அன்றாடக் கணக்காளராக்குவதாகும். ஒவ்வொரு முகவரியையும் எடுக்க அவர் ஒவ்வொரு முறையும் அப்படத்தைக் கண்டாக வேண்டும்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2025 ஜூலையில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கு இவ்வலைச்சலை நேரடியாக வெளிக்கொணர்ந்தது. பெண் வழக்கறிஞர் ஒருவரின் அந்தரங்கப் படங்கள் பல தளங்களில் பரவியிருந்தன. 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு ஆணையிடப்பட்டது. நீக்கியவை வேறு தளங்களில் மீண்டும் தோன்றின. அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2025 நவம்பரில் அமைச்சகம் வெளியிட்ட செயல்முறை நெறி, தேடுபொறிகள் இத்தகைய உள்ளடக்கத்தைத் தம் அட்டவணையிலிருந்து அகற்ற வேண்டும் எனத் தனித்துக் கூறியது. ஐந்தாவது வினை அரசின் ஆவணத்தில் இடம்பெற்றது இங்ஙனம்தான். அவ்வழக்கில் உள்ளது மெய்யான பதிவு, செயற்கைப் படிமமன்று. ஆயினும், பெயரோடு பிணைத்துக் காட்டும் பொறிக்கு அவ்வேறுபாடு தெரியாது. பொறுப்பும் அவ்வேறுபாட்டைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை.

நிறுவனங்களின் ஒப்புதல்

நிறுவனங்களின் கொள்கை வரலாறே அவற்றின் நடுநிலை வாதத்துக்கு எதிரான சான்றாக நிற்கிறது. இசைவின்றி வெளியிடப்பட்ட அந்தரங்கப் படங்களைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கும் வேண்டுகோள்களை ஏற்பதாகக் கூகுள் 2015 ஜூனில் அறிவித்தது. 2018 செப்டம்பரில் இசைவற்ற செயற்கைப் பாலியல் படிமங்களும் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2024 ஜூலையில், ஒரு வேண்டுகோள் ஏற்கப்பட்டால் அவரைக் குறித்த ஒத்த தேடல்களிலும் வெளிப்படையான பாலியல் முடிவுகளை வடிகட்டுவதாகவும், படத்தின் நகல்களை நீக்க முயல்வதாகவும், நீக்கங்கள் மிகுந்த தளங்களைத் தரவரிசையில் தாழ்த்துவதாகவும் அந்நிறுவனம் கூறியது. அவ்வாண்டில் செய்த மாற்றங்களால், குறிப்பிட்ட ஒருவரின் ஆழ்போலிப் படத்தை நாடும் தேடல்களில் வெளிப்படையான பட முடிவுகளின் காட்சி 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது என்பது அதன் கூற்று.

இவ்வெண் இருபுறமும் கூர்மையுடையது. தரவரிசை மாற்றத்தால் 70 விழுக்காட்டைக் குறைக்க முடிந்ததெனில், அதற்கு முன் அக்காட்சிகளை முன்னிறுத்தியதும் அதே தரவரிசைதான். நிறுவனம் எதைச் சரிசெய்ய வல்லதோ, அதனளவில் அது வெறும் கண்ணாடியன்று.

மைக்ரோசாஃப்டின் பிங், 'ஸ்டாப்என்சிஐஐ' என்னும் அமைப்பின் எண்ணியல் கைரேகைத் தொகுப்பைப் பயன்படுத்தி 2024 ஆகஸ்ட் முடிய 2,68,899 படங்கள்மீது நடவடிக்கை எடுத்ததாக அறிவித்தது. கூகுள் அவ்வமைப்போடு இணைவதாக 2025 செப்டம்பரில் கூறியது. இம்முறையில் படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவரின் கருவியிலேயே கைரேகை உருவாகிறது. எனினும், இதன் எல்லையும் தெளிவு. தன்னிடம் உள்ள படத்துக்கே ஒருவர் கைரேகை எடுக்க முடியும். செயற்கைப் படிமத்தில் பாதிக்கப்பட்டவர் படத்தின் உரிமையாளரல்லர். பெரும்பாலும் அது உருவானதே அவருக்குத் தெரியாது. ஒரே முகத்தைக் கொண்டு நாள்தோறும் புதிய படம் செய்யலாம்; ஒவ்வொன்றுக்கும் கைரேகை வேறு. மாறாதிருப்பது பெயர் ஒன்றே. ஆகவே, செயற்கைப் படிமத்தைப் பொறுத்தவரை படத்தைக் காவல் காப்பதைவிடப் பெயரைக் காவல் காப்பதே பயனுடையது.

ஐரோப்பிய நீதிமன்றம் 2014 மே 13 அன்று கூகுள் ஸ்பெயின் வழக்கில் இவ்வழியையே காட்டியது. பெயரைக் கொண்டு தேடும்போது கிடைக்கும் பட்டியல், அவரைப் பற்றிய ஒழுங்குபடுத்தப்பட்ட சித்திரமாக அமைகிறது. எனவே மூலப் பக்கத்தினும் வேறான பொறுப்பு தேடுபொறிக்கு உண்டு என அது கண்டது. மாறாக, 2025 மே 19 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான 'டேக் இட் டவுன்' சட்டம் செயற்கைப் படிமங்களையும் சேர்த்து 48 மணி நேர நீக்கத்தைக் கட்டாயமாக்கியபோதும், பயனர் உள்ளடக்கத்துக்குக் களம் அமைக்கும் தளங்களையே முதன்மையாகக் கருதுகிறது. உலகின் பெரிய தேடுபொறிகள் பிறந்த நாட்டின் சட்டத்திலேயே ஐந்தாவது வினை தெளிவாக இடம்பெறவில்லை.

கொங்குச் சிற்றூரும் தமிழ்ப் பெயரும்

கொடுமுடி, காவிரிக் கரையில் மகுடேசுவரர் கோயிலைச் சூழ்ந்து அமைந்த ஊர். கே. பி. சுந்தராம்பாளின் முதலெழுத்தில் நிற்பது இவ்வூரின் பெயர். 'கொடுமுடி கோகிலம்' என்னும் சிறப்புப் பெயரும் ஊரோடு சேர்ந்தே வழங்குகிறது. ஊர்ப்பெயர் ஒரு பெண்ணின் பெயரோடு சேர்ந்து புகழுக்கு அடையாளமானதற்கு இது சான்று. அதே சேர்க்கை இழிவுக்கும் அடையாளமாகக் கூடும் என்பதே தேடுபொறிக் காலத்தின் நிலை.

பெருநகரில் ஒரு பெயரைத் தேடினால் ஒரே பெயருடைய பலர் வருவர். கூட்டமே ஓரளவு மறைவிடமாகும். சிற்றூரில் பெயரோடு ஊரையோ கல்லூரியையோ சேர்த்தால் எஞ்சுபவர் ஒருவரே. கொங்குப் பகுதியில் திருமணப் பேச்சுக்கு முன் இரு வீட்டாரும் ஊரில் விசாரித்தல் நெடுநாள் வழக்கம். முன்பு விசாரிப்புக்கு விடை சொன்னவர் உறவினரும் அண்டை வீட்டாரும் ஆவர். தவறாகச் சொன்னவரை எதிர்கொண்டு கேட்கவும் முடிந்தது. இன்று அவ்விசாரிப்பின் ஒரு பகுதி கைப்பேசியின் தேடல் பெட்டிக்கு மாறிவிட்டது. அங்கு விடையளிக்கும் பொறியை எதிர்கொண்டு கேட்கும் வாய்ப்பு ஈரோடு மாவட்டத்துப் பெண்ணுக்கு எளிதில் கிட்டுவதன்று.

இப்பகுதியின் அண்மைய வரலாறு இரண்டு பாடங்களைத் தருகிறது. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில், உருமாற்றப்பட்ட ஆபாசப் படங்கள் முகநூலில் வெளியானதால் ஓர் இளம்பெண் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். குடும்பத்தினர் முன்னரே காவல்துறையில் புகார் அளித்திருந்தனர். தாமதத்துக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பின்னர் மன்னிப்புக் கோரினார். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவுவதற்கு முந்தைய நிகழ்வு இது. தேடுபொறியும் இதில் நேரடித் தொடர்புடையதன்று. ஆயினும், இத்தகைய தீங்கில் காலம் நாட்களால் அளக்கப்படுவதன்று, மணிகளால் அளக்கப்படுவது என்பதை அது உணர்த்தியது.

இரண்டாவது, பொள்ளாச்சிப் பாலியல் வழக்கு. 2019இல் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் காவல்துறை அதிகாரியால் வெளியிடப்பட்டதற்காக, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. குற்றத்துக்குத் தண்டனை ஒருபுறமிருக்க, பெயர் சுட்டலைத் தனித்த தீங்காக நீதித்துறை முன்னரே மதிப்பிட்டிருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. காவல் அதிகாரி பெயரை வெளியிட்டால் இழப்பீடு. தேடுபொறி பெயரோடு படத்தைப் பிணைத்து நாள்தோறும் வெளியிட்டால் வேண்டுகோள் படிவம் என்பது ஒவ்வாத நிலையாகும்.

பெயரைக் காவல் காத்தல் என்னும்போது தமிழ்ப் பெயர்களின் இயல்பையும் கருத வேண்டும். கயல்விழி, யாழினி, பூங்குழலி போன்ற பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதுவதற்கு ஒரே முறை இல்லை. ழகரத்துக்கு இரண்டு மூன்று எழுத்துமுறைகள். குறில் நெடில் வேறுபாட்டைச் சிலர் காட்டுவர், சிலர் காட்டார். தந்தை பெயரின் முதலெழுத்து முன்னும் வரும், பின்னும் வரும். திருமணத்துக்குப் பின் மாறவும் கூடும். ஒரு வடிவத்துக்கு நீக்கம் பெற்ற பெண், மற்றொரு வடிவத்தில் அதே படிமத்தைக் காண நேரலாம். எழுத்துப் பிழையோடு தேடினாலும் பயனர் நாடியதை உய்த்துணர்ந்து தருவதைத் தம் சிறப்பாகக் கூறும் தேடுபொறிகள், நீக்கும்போது மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒப்புமை கேட்பது நேர்மையாகாது. கண்டுபிடிக்கும் அறிவு எவ்வளவோ அவ்வளவு மறைக்கும் அறிவும் அவற்றிடம் எதிர்பார்க்கப்பட வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

தேடுபொறியின் பொறுப்பை விரிப்பது தணிக்கைக்கு வழிவகுக்கும் என்பது முதன்மையான மறுப்பு. இது புறந்தள்ளத்தக்கதன்று. அதிகாரத்தில் உள்ளோர் தம் மெய்யான குற்றத்தின் பதிவையும் 'ஆழ்போலி' எனக் கூறி மறைக்க முயலலாம். ஆனால், இக்கட்டுரை கோரும் கடமை குறுகியது: ஒருவரின் பெயருக்கு விடையாக அவர் இசையாத பாலியல் படிமம் காட்டப்படலாகாது. செய்தி, தீர்ப்பு, விமரிசனம் ஆகியன இதனுள் அடங்கா. முடிவிலிருந்து அகற்றுதல் சான்றை அழித்தலும் அன்று. விசாரணை அமைப்பு மூலத்தை அணுகத் தடையில்லை. மேல்முறையீட்டுக்கு வாய்ப்பளிப்பதும் இதனோடு சேர்ந்த கடமையே.

தம் விருப்பத்தோடு பாலியல் காட்சித் துறையில் பணிபுரிவோரின் உரிமை பாதிக்கப்படும் என்பது மற்றொரு மறுப்பு. இசைவு என்னும் அளவுகோல் இங்கும் துணைநிற்கிறது. அவர் இசைந்தால் காட்டலாம். ஆபாசம் என்னும் அளவுகோலால்தான் அவர் பாதிக்கப்படுவார்.

மூன்றாவது சிக்கல் நுண்ணியது. வெளிப்படையான படங்களுக்கு மாற்றாகச் செய்திகளை முன்னிறுத்துவதாகக் கூகுள் கூறுகிறது. இது மேம்பாடே. ஆயினும், ஒரு நடிகையின் பெயரைத் தேடினால் அவரது போலிக் காணொளி பற்றிய செய்திகளே திரண்டு நிற்கும்போது, படம் போய்விட்டபின்னும் அலர் நிலைத்துவிடுகிறது. தனியாள் ஒருவர் பற்றிய செய்தியில் பெயர் மறைக்கப்பட்டிருந்தாலும், தேடல் பரிந்துரைகள் அப்பெயரையும் நிகழ்வையும் இணைத்துவிடக் கூடும். எனவே, முடிவுகளோடு பரிந்துரைத் தொடர்களும் கடமையின் எல்லைக்குள் வர வேண்டும்.

முடிவுரை

செயற்கைப் பாலியல் படிமத்தின் தீங்கு மூன்று செயல்களால் நிறைவெய்துகிறது: உருவாக்கல், வெளியிடல், பெயரோடு பிணைத்தல். முதலிரண்டையும் இந்தியச் சட்டம் ஓரளவு அடையாளம் கண்டுள்ளது. மூன்றாவது, தீர்ப்புகளிலும் 2025ஆம் ஆண்டுச் செயல்முறை நெறியிலும் தலைகாட்டுகிறதே தவிர, இடைநிலையர் விதியின் மூல வாசகத்தில் தனி வினையாக இடம்பெறவில்லை. அதைச் சேர்ப்பது முதல் தேவை. ஒருமுறை அளித்த புகார், அதே பெயரின் தமிழ், ரோமன் வடிவங்கள் அனைத்துக்கும், அவரைக் குறித்துப் பின்னர்த் தோன்றும் ஒத்த படிமங்களுக்கும் நீடிக்க வேண்டும். முகவரிகளைத் தேடித் தரும் சுமை பாதிக்கப்பட்டவரிடமிருந்து நிறுவனத்துக்கு மாற வேண்டும். இந்தியாவில் பெறப்பட்ட வேண்டுகோள்கள், ஏற்கப்பட்டவை, எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவற்றை நிறுவனங்கள் மொழிவாரியாக வெளியிட வேண்டும்.

பாதிக்கப்பட்ட பெண்களின் வழக்குகளில் அவர்தம் பெயரை மறைத்து எழுதுகின்றன நீதிமன்றங்கள். அகப்பாடலில் எவர் பெயரையும் சுட்டாது காத்தது தமிழ் மரபு. நீதிமன்றம் மறைத்த பெயரைத் தேடல் பெட்டி திறந்து காட்டுமாயின், அம்மறைப்பால் அப்பெண்ணுக்குப் பயன் ஏதுமில்லை.